பிசிறக்காவின் குப்பி

அந்தக் கம்பெனியில் மூத்திரத்துக்கு இருந்த மரியாதை மனுஷிகளுக்கு இல்லை. வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் வந்தால் போதும், தையல் லைனில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையோடு நர்ஸம்மா அறை வாசலில் வரிசை கட்டவேண்டும். கோப்பையில் பிடித்துக் கொடுத்ததில் நர்ஸம்மா ஒரு காகிதக் குச்சியை முக்குவாள். ஒரு கோடு வந்தால் மெஷினுக்குத் திரும்பலாம். இரண்டு கோடு வந்தால் கர்ப்பம், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லைதான். அதனால் அவர்கள் யாரையும் நிறுத்துவதில்லை. 'உடம்பைப் பாத்துக்கோம்மா' என்று கனிவாகச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்த ஒப்பந்தத்தில் அவள் இருக்கமாட்டாள்.

லைனில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். காலர் வைப்பவள் காலர்காரி, பொத்தான் வைப்பவள் பொத்தான்காரி, சட்டைக்குக் கை தைப்பவள் கைக்காரி. கடைசி மேஜையருகே நின்றபடியே, தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைக் குட்டிக் கத்திரியால் வெட்டுகிறவள் பிசிறக்கா. ஊருக்கெல்லாம் அக்கா என்றாலும் கைக்காரிக்கு அவள் சொந்த நாத்தனார், கணவனின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். பெற்ற ஒன்றும் தங்கவில்லை.

பிசிறக்கா கொடுத்த கோப்பையில் ஒரு காலத்திலும் இரண்டாவது கோடு வந்ததில்லை. வரவும் வழியில்லை. மாதவிலக்கு நின்றே வருஷக்கணக்காகிறது. ஆகவே யாருக்கு நாள் தள்ளிப்போனாலும், தள்ளிப்போய்விடுமோ என்று பயம் வந்தாலும், பரிசோதனை அன்று காலையில் அவளிடம்தான் ஓடுவார்கள். காலி இருமல் மருந்துக் குப்பியைக் கழுவிக் கொண்டு வந்து நீட்டுவார்கள். அக்கா கழிவறைக்குள் போய் நிரப்பிக் கொடுப்பாள். அதை இடுப்பில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நர்ஸம்மா கோப்பையைத் தொட்டுப் பார்ப்பாள். ஆறிப்போயிருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். திருட்டுத்தனத்திலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டுமல்லவா.

“அக்கா, கடை திறந்தாச்சா?” என்று கழிவறைக் கதவைத் தட்டினாள் காலர்காரி.

“வரிசையில வாங்கடி. விடிஞ்சதுலேருந்து தண்ணியா குடிச்சிட்டிருக்கேன், எல்லாருக்கும் உண்டு” என்றாள் அக்கா உள்ளிருந்து.

அன்று குப்பி நீட்டியவர்கள் மூன்று பேர். காலர்காரி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவள், இருந்தும் ஆபரேஷனையே ஏமாற்றிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அவள் தன் உடம்பையே நம்புவதில்லை. பொத்தான்காரிக்குக் கல்யாணமே ஆகவில்லை, பரிசோதனை என்ற சொல்லுக்கே பயப்படுகிற ஜாதி. மூன்றாவது கைக்காரி. அவளுக்கு மட்டும்தான் நிஜமாகவே வயிற்றில் பிள்ளை இருந்தது. இரண்டு முறை கலைந்துபோய், இந்த முறை நிலைத்திருந்தது. வயிறு வெளியே தெரிகிறவரை எப்படியாவது வேலையில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. கணவனுக்கு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை, லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

குப்பியை வாங்கும்போது அக்காவின் முகம் வெளுத்திருந்ததைக் கைக்காரி பார்த்தாள்.

“என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. நின்னுபோன சனியன் திரும்ப வந்திருக்கு. வயசு திரும்புது போலிருக்கு எனக்கு.”

இது ஒரு நாள் இரண்டு நாள் சங்கதி இல்லை. சில மாதங்களாகவே விட்டு விட்டு ரத்தம் படுகிறது என்று அக்கா நர்ஸம்மாவிடமே போய்ச் சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா இரண்டு காய்ச்சல் மாத்திரையைக் கையில் வைத்து அனுப்பினாள். பெண்களின் கர்ப்பப்பையைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்த கம்பெனி அது. அதில் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, நோய் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அக்காவையும் சேர்த்து நான்கு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜைமேல் நான்கு குச்சிகள். நான்கிலும் இரண்டிரண்டு கோடு.

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்து, சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். “கல்யாணம் ஆகாதவளுக்கும் கர்ப்பம், ஆபரேஷன் பண்ணினவளுக்கும் கர்ப்பம், இந்தக் கிழவிக்கும் கர்ப்பமா? என்ன லைன் நடத்தறோம் நாம?”

“குச்சி கெட்டுப்போயிருக்கும் சார், பழைய பெட்டி” என்றாள் நர்ஸம்மா. “புதுசு வரவழைக்கிறேன்.”

“நாளைக்குக் காலைல நாலு பேரும் முதல் ஆளா வந்து திரும்பக் குடுங்க. வராதவங்க அப்புறம் எப்பவுமே வரவேண்டாம்.”

வெளியே மாடிப்படியில் நான்கு பேரும் நின்றார்கள். பொத்தான்காரி அழ ஆரம்பித்திருந்தாள். காலர்காரி மெள்ளத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். குச்சி கெடவில்லை என்பதும், நான்கு கோப்பையும் ஒரே ஆளுடையது என்பதும் அந்த நான்கு பேருக்குத்தானே தெரியும்.

“யாருக்கா அது?” என்றாள் காலர்காரி.

“எதுடி?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்களை நம்பித்தானே குப்பி குடுத்தோம். முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆளைப் பாத்திருப்போம்ல.”

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவள் கத்தவில்லை. “என்கிட்டயா கேக்கற?” என்றாள். இன்னொரு தடவையும் அதையே கேட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய், மிச்சமிருந்த சட்டைகளின் பிசிறை வெட்டினாள்.

காலர்காரி யாரிடமும் சொல்லவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தாள். ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். வேலை விட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் விஷயம் அக்காவையும் கைக்காரியையும் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நேரே வயிற்றைப் பார்த்தார்கள். கொஞ்ச நாளாகவே அது உப்பித்தான் இருந்தது. அவள் காலையில் வாந்தியெடுப்பதையும் பலர் பார்த்திருக்கிறார்கள். நோய்க்கு வேறு வேஷம் கிடைக்கவில்லை போலும்.

வீடு என்பது ஒரே ஒரு அறையும் அதன் மூலையில் ஒரு அடுப்பும்தான். தம்பி வேலைக்குக் கிளம்பித் தயாராக நின்றிருந்தான். அக்கா உள்ளே வந்ததும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“யாருன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியவும் வேணாம்.” சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பெண்டாட்டியிடம் நீட்டினான். “மருந்துக்கடைக்காரன் குடுத்தான். இந்த மாத்திரையைப் போட்டா ஒரே நாள்ல வெளிய வந்துடுமாம். குடுத்து முடிச்சு விடு.”

“தம்பி” என்றாள் அக்கா. “என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போடா. உள்ள பாத்து அவங்களே சொல்லட்டும்.”

“அங்க போய் வேற தம்பட்டம் அடிக்கணுமா? இப்பவே டீக்கடைல தலை நிமிர முடியல.”

“நான் உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவடா.”

“அதனாலதான் வீட்டுக்குள்ள விட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

கைக்காரி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் மனது ஒரு நிலையில் இல்லை. பரிதாபம் ஒரு பக்கம் இருந்தாலும், இவளால் என் வேலை போகப்போகிறதே என்ற எரிச்சலும் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லிடுங்கக்கா. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தெரு பேசியபோதும் தம்பி பேசியபோதும் உடையாத முகம் அப்போது உடைந்தது. “நீயும் கேட்டுட்டியா” என்றாள். “நீ என்கூடவே இருக்கறவளாச்சே.”

அரிசியைக் களையும்போது அந்தச் சொல் கைக்காரியின் மண்டைக்குள் புகுந்து குடைந்தது. உண்மைதானே. காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள், ஒரே பஸ், ஒரே லைன். கழிவறைக்குப் போனால்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறான். மாலையில் ஒன்றாகத் திரும்பி, கணவன் லாரிக்குப் போன பிறகு இதே தரையில் ஒரே பாயில் படுக்கிறார்கள். அக்கா தும்மினால் இவளுக்குத் தூக்கம் கலையும். லீவு நாளில் அக்கா துணி துவைப்பாள், இவள் அலசுவாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷிக்கு ஒரு ஆண்பிள்ளையோடு நின்று பேச ஒரு மூலையும் கிடையாது, ஒரு பொழுதும் கிடையாது. கம்பெனிக்காரன் அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு இண்டு இடுக்கை விட்டுவைக்கவே இல்லை. பாவம் செய்யக்கூட ஓய்வு வேண்டும்.

அப்படியானால் அந்த இரண்டாவது கோடு என்ன? அந்த ரத்தம் என்ன?

“அக்கா, நான் உங்களை நம்பறேன்” என்றாள். “உங்களுக்கு உள்ள என்னமோ பண்ணுது. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நாளைக்குக் காலைல கோப்பையைக் குடுத்துட்டு, வேலை முடிஞ்சதும் நேரா போயிடலாம்.”

“சரி” என்றாள் அக்கா. “ஆனா நீ மட்டும்தானே நம்பற.”

நாளைக்கு, வேலை முடிந்ததும் என்றாள் கைக்காரி. அவளைக் குறை சொல்லி என்ன? வேலை என்கிற வார்த்தை வாக்கியத்தில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிற பிறவி அது. காலர்காரி வேறு, போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள், காலையில் தன் குப்பியைக் கொண்டுவந்து தருவதாக. ஆபரேஷன் ஆனவள், பயம் இருக்கிறதே தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. வேலை தப்பித்துக்கொள்ளும். கைக்காரி பொட்டலத்தைத் தூக்கிப்போட மனசு வராமல், அடுப்புக்கு மேல் தட்டில் வைத்துவிட்டுக் குழாயடிக்குக் குடத்தோடு போனாள்.

திரும்பி வந்தபோது காகிதம் மட்டும் தட்டில் இருந்தது.

“எதுக்குக்கா?” என்றாள். குடத்தை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள். “எதுக்கு இதைப் பண்ணினீங்க?”

அக்கா நிதானமாகப் பேசினாள். நெடுநேரம் யோசித்து எடுத்த முடிவு என்பது பேச்சிலேயே தெரிந்தது. “உள்ள பிள்ளை இருந்தா வெளிய வரும்ல. ஒண்ணும் வரலேன்னா இல்லேன்னுதானே அர்த்தம்? அப்ப அவன் நம்பித்தானே ஆகணும். நீ பக்கத்துலயே இருந்து பாரு. நீதான் எனக்குச் சாட்சி.”

சாட்சிக்குக் காத்திருந்ததுபோல விடியும் முன்பே ரத்தம் வந்தது. முதலில் ஒரு துணி, பிறகு இன்னொரு துணி, பிறகு வீட்டில் இருந்த துணியெல்லாம். அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு துணியையும் விரித்துக் காட்டினாள். “பாத்துக்கோ. வெறும் ரத்தம்தான். ஒண்ணும் இல்ல பாரு.”

தம்பி லாரியிலிருந்து திரும்பி வந்தான். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். “ஆகவேண்டியது ஆயிட்டிருக்கு. அதுவா நின்னுடும்” என்றான். “நீ வேலைக்குக் கிளம்பு. இன்னிக்குப் போகலேன்னா உன் வேலையும் போயிடும்.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் காலர்காரி. இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “சூடு ஆறறதுக்குள்ள வாடி. பஸ் வந்துடும்.”

கைக்காரி வாசல்படியில் நின்றாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இந்த வேலைதான் கதி என்பது அவளுக்குத் தெரியாதா? இந்த முறையும் சோறு தண்ணியில்லாமல் போய்க் கலைந்தால்? உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து, வாய் உலர்ந்து, இன்னொரு துணியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். தேடிய இடத்தில் துணி இல்லை.

“நீங்க போங்கக்கா” என்றாள் காலர்காரியிடம். கணவனைத் தாண்டிக்கொண்டு இறங்கினாள். முனையில் நின்ற வாடகை வண்டியைத் தானே ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அக்காவைத் தோளில் தாங்கி ஏற்றும்போது அவன் தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஆயாவுக்கு எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. “மாத்திரை போட்டியா? புருஷன் எங்க?” என்று கேட்டாள்.

“செத்துட்டார்” என்றாள் அக்கா.

“எப்ப?”

அக்கா வருஷத்தைச் சொன்னாள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். ஆயா ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெஞ்சின் கடைசியைக் கைகாட்டிவிட்டுப் பிரசவ வலியோடு வந்த மற்றவர்களை உள்ளே அனுப்பினாள். நல்லபடியாக நோய் வந்தவர்களுக்குப் பிறகுதான் இவள். கைக்காரி எழுந்து போய்க் கேட்டாள், கெஞ்சினாள், வாசலில் நின்ற காவல்காரனிடம்கூடக் கெஞ்சினாள். “கூட ஆம்பளை யாரும் வரலையா?” என்றான் அவன். பெஞ்சுக்கடியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனாள். அக்கா கைக்காரியின் மடியில் தலைவைத்துப் படுத்து, “சொல்லு, நான் சொல்றது எடுபடல, நீ சொல்லு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்வது?

கடைசியில் உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா வந்து, தரையைப் பார்த்துவிட்டு, ஆயாவைப் பார்த்துவிட்டு, தானே ஸ்ட்ரெச்சரை இழுத்தாள்.

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தபோது அந்த டாக்டரம்மா கைக்காரியைத் தனியே கூப்பிட்டாள். “பிள்ளை எதுவும் இல்லம்மா. கர்ப்பப்பைல கட்டி. கேன்சர். கர்ப்பத்துல சுரக்கறதே இந்தக் கட்டியிலயும் சுரக்கும், அதான் குச்சி அப்படிக் காட்டியிருக்கு. நெஞ்சு வரைக்கும் பரவியிருக்கு. அந்த மாத்திரை வேற ரத்தத்தை எல்லாம் கொட்ட வெச்சிருச்சு.”

“பொழைச்சுக்குவாங்களா?”

“மருந்துக்கு நல்லாக் கேக்கற வியாதிம்மா இது. முதல்ல ரத்தம் பட்டப்பவே வந்திருந்தா நான் தைரியமா சொல்லியிருப்பேன்” என்றாள் டாக்டரம்மா.

செய்தி அனுப்பியதும் தம்பி வந்தான். வார்டு வாசலில் டாக்டரம்மா அவனிடமும் அதையே சொன்னாள். கைக்காரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அந்த முகத்தில் ஏறியிருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. “அப்பாடா” என்றான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. கைக்காரிக்குத் தெரிந்தது. அவனோடு குடும்பம் நடத்தின இத்தனை காலத்தில் அவனை அவள் வெறுத்தது அந்த ஒரு கணத்தில்தான், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

அவன் உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்குத் தெரியும்க்கா, நீ அப்படிப்பட்டவ இல்லேன்னு.”

அக்காவுக்கு அந்தப் பொய் எவ்வளவு பிடித்திருந்தது. வெள்ளைத்துணி போன்ற முகத்தில் சந்தோஷம் வந்தது. டாக்டரம்மா பக்கத்துப் படுக்கைக்குப் போனபோது அவளைக் கூப்பிட்டு, “கொஞ்சம் சத்தமா இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, அந்த ஆயா காதுல விழட்டும்” என்றாள். டாக்டரம்மா சொன்னாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கைக்காரியைக் குனியச் சொன்னாள். “லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிடு. கேன்சர்தான்னு சொல்லு. இன்னிக்கே சொல்லிடு, அப்புறம் மறந்துடுவாங்க.”

“சொல்றேன்க்கா.”

“ஒருத்தரையும் விடாத.”

ரத்தம் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கா போய்விட்டாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான், வார்டே அவனைச் சமாதானம் செய்தது. கைக்காரி அழவில்லை. அக்காவின் கண்ணிமையை அழுத்தி மூடி, துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பஸ் பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போனாள்.

சங்கு ஊதியது. கேட்டைத் திறந்ததும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் முதலாவதாக வந்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பிசிறக்காவுக்குக் கர்ப்பம் இல்ல. கேன்சர்தான்.”

“நல்லவேளை” என்றாள் அவள், நெஞ்சில் கைவைத்து.

அடுத்தவளிடம் சொன்னாள். “அப்படியா? நல்லவேளைடியம்மா.” அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவர்களுக்கு அக்கா மேல் பிரியம் உண்டு. உள்ளபடியே அவர்கள் மனசு குளிர்ந்தது. பொத்தான்காரி கைக்காரியின் கையை இறுகப் பற்றிவிட்டு விலகி நின்றாள்.

காலர்காரி வந்தாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. “நல்லவேளை. பாவி நான், என்னென்னமோ நெனச்சுட்டேன். இப்ப எப்படி இருக்காங்க?”

“செத்துட்டாங்க” என்றாள் கைக்காரி.

காலர்காரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். பின்னால் இன்னும் பாதி லைன் வரவேண்டியிருந்தது. கைக்காரி அடுத்து வந்தவளின் கையைப் பிடித்தாள்.